காலேஜைப் பார்க்கச் சாயங்காலம் போ

எந்த காலேஜும் காலை பத்து மணிக்கு நல்ல காலேஜ்தான். கேட்டில் வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார், அட்மிஷன் ஹாலில் ஏசி ஓடும், வேலை கிடைத்த பிள்ளைகளின் போட்டோ சுவர் முழுக்கச் சிரிக்கும். அங்கே குடி எவ்வளவு புழங்குகிறது என்று அந்த நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மணிக்கு மேல் போனால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்படிப் போய் எதைப் பார்ப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம், மேலே வெள்ளிமலை, கரியாலூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் விண்ணப்பம் போட வருவார்கள். கூட வரும் அப்பா அம்மா ஃபீஸ் கேட்பார்கள், பஸ் கேட்பார்கள், வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். அவர்கள் ஜெராக்ஸ் எடுக்க எழுந்து போனதும் பிள்ளை குரலைத் தாழ்த்தும். "அக்கா, அந்த காலேஜ்ல ரொம்பக் குடிப்பாங்களாமே?"

இதைக் கேட்க வெட்கப்படாதே தங்கச்சி. தம்பி, உனக்கும்தான் சொல்கிறேன். நம் ஊர்ப் பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பது? 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைப் பிடித்துக்கொள்ளும். பிழைத்தவர்களிலும் பார்வை போனவர்கள் உண்டு. கல்வராயன் மலைக்குப் போனால் வருஷம் தவறாமல் போலீஸ் பேரல் பேரலாகச் சாராய ஊறலைக் கொட்டி அழிக்கிற செய்தி. வெல்ல மூட்டையும் கடுக்காய் மூட்டையும் பறிமுதல் செய்கிற செய்தி. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் "காலேஜ்னா கொஞ்சம் ஜாலியா இருக்கட்டுமே" என்று யாராவது சொன்னால் அது ஜாலியாகவா கேட்கும்?

காலேஜ் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடு. கருணாபுரம் சம்பவத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவையும் ஹாஸ்டல் செலவையும் பட்டப்படிப்பு முடியும்வரை அரசே ஏற்கும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உன் வீடு அதில் ஒன்று என்றால், காலேஜ் தேடும்போதே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கி வை. காசுக்குப் பயந்து கிடைத்த ரூமில் போய் ஒண்டாதே. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பெட்டிக்கடையில் ஒரு டீ

சனிக்கிழமை சாயங்காலம் போ. கூட அண்ணனோ மாமாவோ வந்தால் நல்லது. ஹாஸ்டலுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் டீ சொல்லிவிட்டுக் கடையைச் சுற்றிப் பார். நோட்டு, பேனா, ரெக்கார்டு நோட்டு அட்டை, செமஸ்டர் கொஸ்டின் பேப்பர் ஜெராக்ஸ் விற்கிற கடையா? இல்லை, ஊறுகாய் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கி, பக்கத்தில் டம்ளர் அடுக்கும் தண்ணீர் பாக்கெட் மூட்டையும் வைத்திருக்கிற கடையா? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் டம்ளருக்கு 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. தடையை மீறி ஒரு கடைக்காரர் அதை அடுக்கி வைக்கிறார் என்றால் அவருக்கு வியாபாரம் யாரால் நடக்கிறது என்று யோசி. கூல் லிப் மாதிரிப் புகையிலைப் பொட்டலம் கல்லாவுக்கு அடியிலிருந்து வருகிறதா என்றும் பார். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்பது 2003-ஆம் வருஷத்துச் சட்டம்.

பிறகு ஹாஸ்டலின் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டி நட. முன் கேட்டில் வாட்ச்மேன் இருப்பார், பின் சுவரில் ஆள் ஏறி இறங்கிய தடம் இருக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் காலி பாட்டில் ஒன்றிரண்டு கிடந்தால் வழியில் போனவர் போட்டது என்று விட்டுவிடலாம். குவியலாகக் கிடந்தால் அப்படியே ஊருக்கு பஸ் ஏறு.

டாஸ்மாக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதும் வேண்டும்தான், ஆனால் அதை மட்டும் நம்பாதே. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருந்தால் போதும் என்கிறது 2003-இன் சில்லறை விற்பனை விதி. செருப்பை மாட்டி நடந்தால் இரண்டு நிமிஷம். அந்தத் தூரம் எந்தப் பிள்ளையையும் தடுத்ததில்லை. வயசு விதிதான் நமக்கு உதவும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்: பதினேழு, பதினெட்டில் சேருகிற பிள்ளை பி.எஸ்சி. முடிக்கும்போதுதான் இருபத்தொன்றைத் தொடும். ஆக, யு.ஜி. ஹாஸ்டலில் கிட்டத்தட்ட யாருக்குமே கடையில் பாட்டில் கொடுத்திருக்கக் கூடாது. கொடுக்கிறார்கள் என்றால் 10581 என்ற மதுவிலக்குப் பிரிவு எண்ணுக்குப் போன் போடலாம். புதுச்சேரி காலேஜ்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மட்டும் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே வயது வரம்பு 18. அங்கே நல்ல படிப்பு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் சட்டம் உனக்காகத் தடுத்து நிற்காது, ஹாஸ்டல்தான் நிற்க வேண்டும். அதனால் ஹாஸ்டலை இரண்டு மடங்கு விசாரி.

ஊர்ப் பேரைச் சொல்லிப் பார்

நம்மிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. போகிற இடத்தில் இரண்டாம் வருஷ, மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்து, "நான் கள்ளக்குறிச்சி" என்றோ "கல்வராயன் மலை" என்றோ சொல். சிலர், "மேகம் ஃபால்ஸ் அங்கதான?", "பெரியார் ஃபால்ஸ் வந்திருக்கேன்" என்பார்கள். சிலர் கண்ணடித்து, "அடுத்த தடவை வரும்போது ஒரு கேன் கொண்டு வாடா" என்பார்கள். ஒருத்தன் சொன்னால் அவன் புத்தி. கூட நிற்கும் நாலு பேரும் சிரித்தால் அதுதான் அந்த ஹாஸ்டலின் பேச்சு. அங்கே சேர்ந்தால் மூன்று வருஷமும் உனக்கு அதுதான் பட்டப்பெயர்.

மலைப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கூனிக் குறுகுவதைப் பார்த்திருக்கிறேன். எதற்கு? காய்ச்சியவர்கள் யாரோ, வாங்கி விற்றவர்கள் யாரோ. மலையில் பள்ளிக்கூடம், ரோடு, வேலை எதுவும் சரியாக இல்லை என்பதைக் கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே தானாக வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது. நீ அந்த ஊரிலிருந்து படிக்க வந்திருக்கிறாய். "எங்க ஊர்ல மரவள்ளி இருக்கு, வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போ.

வார்டனிடம் கேட்கும் விதம்

"இங்க குடிப்பாங்களா சார்?" என்று கேட்டால் உலகத்தில் எந்த வார்டனும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். அதனால் இப்படிக் கேள்: "நைட் அட்டெண்டன்ஸ் எத்தனை மணிக்கு சார்? யார் எடுப்பாங்க? நீங்க எந்த மாடியில தங்கறீங்க?" ஒரு வார்டன், "ஒன்பதரைக்கு, ரூம் ரூமா நானே போவேன், ரெண்டாவது மாடி கடைசி ரூம் என்னோடது, லீவுன்னா அப்பா அவர் நம்பர்லருந்து பேசணும்" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்மா, கவலையே படாதீங்க" என்பார். முதலாமவர் ராத்திரியில் ஹாஸ்டலில் இருக்கிறார். இரண்டாமவர் இருக்கிறாரா என்பதே சந்தேகம்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று அம்மா உன் கையைக் கிள்ளலாம். பரவாயில்லை, உனக்கு உரிமை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் வருஷ ராகிங் தடுப்பு விதிகளிலேயே இதெல்லாம் இருக்கிறது: வார்டனை எந்த நேரமும் அணுக முடிய வேண்டும், முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கூடியவரை தனி பிளாக் தர வேண்டும், ராகிங் தடுப்புப் படை ஹாஸ்டலில் திடீர் சோதனை போட வேண்டும். அந்த விதிகள் வந்த கதையிலும் குடி இருக்கிறது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற முதல் வருஷ மருத்துவ மாணவன் சீனியர்கள் அடித்துச் செத்துப்போனான். அடித்தவர்கள் குடித்திருந்தார்கள் என்று அப்போது நாடு முழுக்கச் செய்தி. நமக்கு அதைவிடப் பக்கத்திலேயே ஒன்று நடந்திருக்கிறது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவன் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சீனியர் ஒருத்தன் "குடி" என்று டம்ளரை நீட்டி வற்புறுத்தினால் அதுவும் ராகிங்தான். 1800-180-5522 என்ற எண்ணை இப்போதே போனில் ஏற்றி வை. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

கண்டிப்பான காலேஜ் என்று பெயர் வாங்கியதையெல்லாம் நம்பிப் போய்ச் சேர்கிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். போன் வைத்திருந்தால் ஃபைன், பையனும் பொண்ணும் பேசினால் ஃபைன், தனித்தனி மாடிப்படி. திங்கள் முதல் சனி வரை பூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் கொடுத்தால் அந்த ஒரு நாளில் ஆறு நாளையும் சேர்த்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள் அங்கேயும் உண்டு. எனக்குப் பிடித்த கேள்வி வேறு: "ஆறு மணிக்கு மேல பசங்க என்ன செய்வாங்க?" லைப்ரரி எட்டு மணி வரை திறந்திருக்கும், கிரவுண்டில் லைட் உண்டு, என்.சி.சி. பரேடு, வாலிபால் மேட்ச், நாடகக் குழு ஒத்திகை என்று பதில் வந்தால் அந்த காலேஜில் சாயங்காலத்துக்கு ஆள் இருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தைச் சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொல்கிறேன். 1956-இல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது; சாந்தி சேனை, கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது என்று பாடத்தோடு பாடமாக வேலை வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர் என்று சொல்லவில்லை. அப்படி ஏதாவது ஒரு வேலை வைத்திருக்கிற இடமாகத் தேடு என்கிறேன்.

ஹாஸ்டலைவிட ரூம்தான் பயம்

இதுதான் என் பெரிய கவலை. நம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து காலேஜுக்கு வெளியே ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். வாடகை குறைவு, யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் பிரச்சினையே. வெள்ளிமலை ஏகலைவா பள்ளியிலோ மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியிலோ சின்ன வயசிலிருந்து மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படித்த பிள்ளைக்குத் திடீரென்று மணியே அடிக்காத ஒரு ரூம் கிடைக்கிறது. முதல் மாசம் ஒருத்தன் பிறந்த நாள் ட்ரீட். இரண்டாம் மாசம் இன்னொருத்தன் அரியர் கிளியர் ஆனதுக்கு ட்ரீட். மூன்றாம் மாசம் அரியர் விழுந்ததுக்கே ட்ரீட்.

காலேஜ் ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியாது என்பதால்தான் பலரும் ரூமுக்குப் போகிறார்கள். போவதற்கு முன்னால் அரசு ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு முடிவு செய். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை ஹாஸ்டல்கள் காலேஜ் பிள்ளைகளுக்கும் உண்டு. தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025 ஜூலையிலிருந்து அவற்றுக்கு சமூகநீதி விடுதி என்று பெயர். எல்லா விடுதியும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன், அதையும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டே சேர். மலைப் பிள்ளைகள் மலையாளி பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் ஆபீஸில் இன்னும் வாங்காமல் இருந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதே. அது இல்லாமல் விடுதியும் கிடைக்காது, ஸ்காலர்ஷிப்பும் கிடைக்காது.

பொண்ணுங்களுக்கு: தனியார் லேடீஸ் ஹாஸ்டல் என்றால் 2014-ஆம் வருஷத்துப் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அதைக் காட்டச் சொல். ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தால் தேதியையும் படி. ஹாஸ்டலுக்குத் திரும்பும் தெருவில் பார் இருக்கிறதா என்று இருட்டிய பிறகு ஒரு தடவை நடந்து பார்த்துவிடு. நீ குடிக்கப் போவதில்லை, ஆனால் பாரிலிருந்து வெளியே வருகிறவர்களைத் தாண்டித்தான் மூன்று வருஷம் நடக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே போய் வருகிற வழியையும் அலட்சியம் செய்யாதே. கள்ளக்குறிச்சி, ஆத்தூர், விழுப்புரம், விருத்தாசலம் எல்லாவற்றிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஷிஃப்ட் முறையில் நடக்கிற கல்லூரி என்றால் காலை ஷிஃப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். டாஸ்மாக் திறப்பது பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்த மதியத்தை என்ன செய்யப் போகிறாய் என்று சேருவதற்கு முன்பே முடிவு பண்ணிவிடு: நூலகமா, அரசின் நான் முதல்வன் கோர்ஸா, பார்ட் டைம் வேலையா. அப்பா குடிக்கிற வீடு என்றால் மட்டும் வீட்டிலிருந்து போய் வா என்று நான் சொல்ல மாட்டேன். விடுதிதான் உனக்கு நிம்மதி. அதை வெளியில் காரணமாகச் சொல்லத் தேவையில்லை, பஸ் நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்.

டூர், ஃபேர்வெல், ஷேர்

நம் காலேஜ்களில் பார்ட்டி என்று போர்டு மாட்டி எதுவும் நடக்காது. ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) என்று பஸ் கிளம்பும், ஃபேர்வெல் என்று ரிசார்ட் புக் ஆகும். சேர நினைக்கிற டிபார்ட்மென்ட் போன வருஷம் ஐ.வி.க்கு எங்கே போனது, கூட எந்த சார், எந்த மேடம் போனார்கள் என்று சீனியரிடம் கேள். ஃபேக்டரி பெயர் சொன்னால் சரி. கோவா என்று மட்டும் சொல்லி, எந்த ஃபேக்டரி என்று யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் அது டூர்தான். இன்ஸ்டாகிராமில் காலேஜ் பெயரோடு ஃபேர்வெல், ஹாஸ்டல் டே என்று போட்டுத் தேடு. பிரின்சிபால் ரூமில் சொல்லாததையெல்லாம் பிள்ளைகளே பாட்டுப் போட்டு ரீல்ஸாக ஏற்றி வைத்திருப்பார்கள்.

எவ்வளவு பார்த்துச் சேர்ந்தாலும் குடிக்கிறவன் ஒருத்தன்கூட இல்லாத காலேஜ் கிடைக்காது. குடிக்காதவனை அதிசயமாகப் பார்க்காத காலேஜ் கிடைக்கும், அது போதும். ட்ரீட்டுக்குக் கூப்பிட்டால் போகலாம், பிரியாணி சாப்பிடலாம். பில் வரும்போது, "நான் சாப்பாட்டு ஷேர் மட்டும் தர்றேன் மச்சி" என்று முதல் தடவையே சொல்லிவிடு. முதல் தடவை சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்ல வராது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் வருகிற ஆயிரம் ரூபாய் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்பது உன்னைவிட உன் ரூம்மேட்டுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஏறின அன்றே மெஸ் பாக்கியைக் கட்டிவிடு. "மாத்திரை சாப்பிடறேன்" மாதிரிச் சாக்கெல்லாம் வேண்டாம். மாத்திரை தீர்ந்ததா என்று அடுத்த வாரம் கேட்பார்கள். "பழக்கமில்லண்ணா" என்றால் போதும். குடித்தவன் ஓட்டுகிற பைக்கில் மட்டும் எக்காரணம் கொண்டும் ஏறாதே, அவன் எவ்வளவு நல்ல நண்பனாக இருந்தாலும் சரி. நண்பன் ஒருத்தன் விட நினைத்து முடியாமல் தவித்தால் 14446 என்ற மறுவாழ்வு உதவி எண்ணைக் கொடு. உனக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

சரிப்படவில்லை என்றால்

சேர்ந்த பிறகு தப்பான இடம் என்று தெரிந்தால், கட்டின காசு போய்விடுமே என்று மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகு, ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, அதற்கு மேல் 30 நாளுக்குள் 50. முப்பது நாளைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. சில வருஷங்களில் இன்னும் தாராளமாகவும் அறிவிக்கிறார்கள். 2024-இல் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை என்றார்கள். உன் மார்க் ஷீட் ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டவும் அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் காலேஜின் கடைசிச் சேர்க்கைத் தேதியைச் சேருகிற அன்றே கேட்டு, ஃபீஸ் ரசீதின் பின்பக்கம் எழுதி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அம்மா போனுக்கு அனுப்பு. விலகல் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று போட்டால் போதும். இரண்டு பிரதி எடுத்துப் போ. ஒன்றை ஆபீஸில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதே.